மைனி கேட்ட கொட்டேஷன்

அண்ணன் மனைவி தன்யா தன்னிடமும் ஒரு கொட்டேஷன் கேட்டபோது பிரதீஷ் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம். உதியன்குளங்கரையில் அம்மா விஜயம்மாவின் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மரச்சீனிக் கிழங்கின் மேல் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே அவன் சிரித்தான்.

"எழுதிட்டாப் போச்சு மைனி. ஸ்டாம்ப் பேப்பர்ல வேணுமா?"

தன்யா சிரிக்கவில்லை. "சாதா பேப்பர் போதும். ஆனா என்னென்ன வேலை, என்னென்ன சாமான், எப்பம் தீரும்னு விவரமா வேணும். மத்த ரெண்டு கான்ட்ராக்டர்மாரும் தந்தாச்சு. நீயும் தந்தியானா மூணையும் சேத்து வச்சுப் பாக்கலாம்."

அந்த 'நீயும்' மீன்முள்ளாகத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பிரதீஷ் அம்மாவைப் பார்த்தான். விஜயம்மா அகப்பையைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டாள்.

"வீட்டுக்குள்ள இருக்கப்பட்டவனிட்ட கொட்டேஷனா? நாட்டுல கேள்விப்படாத்த சங்கதியாக்கும் இது."

"கேக்கதுல என்ன தப்பு அம்மா?" என்றாள் தன்யா. "கொழுந்தன்னு நெனச்சு வேலையைக் குடுத்திட்டு, நாளைக்கு ஒண்ணு பிழச்சுதுன்னா நான் யாரிட்ட போய்க் கேக்க? நம்ம ரெண்டு பேருக்கும் இடையில மொகம் கறுக்கதுக்கா?"

பிரதீஷ் எழுந்து போய்க் கையைக் கழுவினான். தட்டில் பாதிக் கிழங்கு மீதி இருந்தது.

தன்யா திருவனந்தபுரத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் பாறசாலை ஸ்டேஷனில் காலை வண்டி ஏறி, இருட்டிய பிறகு வந்து இறங்குகிறவள். கணவன் ஸ்ரீஜித் மஸ்கட்டில் இருந்தான். மகள் நந்தனா பெரிய வகுப்புக்கு வந்ததும், இனி இந்த அலைச்சல் ஆகாது என்று தன்யாவே வீடு தேடத் தொடங்கினாள். புரோக்கர்களோடு வெயிலில் நடந்தாள், பத்திரங்களை வக்கீலிடம் காட்டினாள், தன் வங்கியிலேயே தன் பெயரில் கடன் போட்டாள். கடைசியில் கரமனையில் ஒரு குறுகலான சந்துக்குள் பழைய கான்கிரீட் வார்ப்பு வீடு ஒன்று அமைந்தது. அந்தக் குடும்பத்தில் நகரத்தில் வீடு வாங்கிய முதல் ஆள் அவள்தான். வீட்டைப் புதுக்கித்தான் குடியேற வேண்டும்.

அந்தப் புதுக்கும் வேலை தனக்குத்தான் என்பதில் பிரதீஷுக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வந்ததில்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக அவன் கான்ட்ராக்டர். அம்பூரி மலைச்சரிவில் ரப்பர் தோட்டக்காரர்களுக்கு வீடு கட்டியிருக்கிறான். கோட்டுகாலில் கடல்காற்று அடிக்கிற இடத்தில் இரண்டு மாடி எழுப்பியிருக்கிறான். பாறசாலையில் யாரிடம் கேட்டாலும், செத்துப்போன வேலாயுதன் கொத்தனாரின் மகன் என்றால் தெரியும். அப்படிப்பட்டவன் சொந்த மைனியின் வீட்டுக்கு ஊரான் மாதிரி எழுதிக் கொடுத்து வரிசையில் நிற்க வேண்டுமா?

அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டான். ஸ்ரீஜித் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அது தன்யாக்க வீடாக்கும். லோணு அவளுக்க பேருல, அலைஞ்சதும் அவ. நான் இஞ்ச கெடந்துட்டு என்னத்தச் சொல்ல? நீ அவகிட்டயே பேசு மக்கா."

பிரதீஷ் பேசவில்லை. அம்மா வீட்டுப் பக்கமே போகவில்லை. அவன் மனைவி சுமி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

"எழுதிக் குடுத்தா கொறஞ்சா போவிய?"

"கொறச்சலாக்கும்."

"அப்பம் பட்டணத்துக்காரன் யாராவது வந்து செய்யட்டும். நாம பால் காய்ச்சுக்குப் போய் பாயசம் குடிச்சிட்டு வருவோம்."

அதை நினைத்துப் பார்த்தபோதுதான் அவனுக்கு உள்ளே எரிந்தது. யாரோ ஒருவன் செய்த வீட்டில், ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பாயசக் கப்போடு. மறுநாள் வங்கிக்கே போய் தன்யாவிடம் சாவியை வாங்கினான். அவள் கவுண்டரில் ஆட்கள் நின்றதால் அதிகம் பேச முடியவில்லை. "சாவி தந்தா பாத்துக்கிடலாம்" என்றான். அவள் மேசை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கோபமாகத்தான் நுழைந்தான். குறை கண்டுபிடிக்கத் தோதாகக் குறையும் நிறைய இருந்தது. கூடத்தின் மேல்தளத்தில் நீர் கசிந்து பெரிய தேமலாகப் படர்ந்திருந்தது. ஒரு இடத்தில் பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்த்தது. பின்வாசல் நிலையைத் தட்டினால் சத்தம் பொள்ளலாக வந்தது, கரையான். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே போக வேண்டும்.

ஆனால் டேப்பைப் பிடித்து அளக்கத் தொடங்கியதும் கோபம் எந்த இடத்தில் இறங்கிப் போனது என்று அவனுக்கே தெரியவில்லை. சுவர்கள் நேராக நின்றன. அஸ்திவாரத்தில் ஒரு விரிசல் இல்லை. கூடத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, படிந்திருந்த அழுக்கை ஈரத்துணியால் துடைத்தபோது, கீழே பழைய மொசைக் தரை, வெள்ளையில் சிவப்பும் கறுப்புமாகக் கல் தெறித்து, தெளிந்து வந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு தரை போட ஆள் தேடினாலும் கிடைக்காது. பிரதீஷ் கைவிரலால் அதைத் தடவிப் பார்த்தான். இதை உடைக்கக் கூடாது, தேய்த்து மெருகேற்றினால் போதும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான். இன்னும் வேலை தன் கைக்கு வரவில்லை என்பது வெளியே வந்து கதவைப் பூட்டும்போதுதான் ஞாபகம் வந்தது.

அந்த ராத்திரியே எழுதினான். அதற்கு முன் அவன் யாருக்கும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. மொத்தமாக ஒரு தொகை சொல்லி, கையைப் பிடித்துக் குலுக்கி, சாமி கும்பிட்டுக் கல் வைப்பதுதான் வழக்கம். இப்போது ஒவ்வொரு அறையாக யோசித்து எழுத வேண்டியிருந்தது. சுமி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்தினாள்.

தன்யா அதை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டாள். மேசையில் மற்ற இரண்டு கொட்டேஷன்களும் இருந்தன. ஒன்று நகரத்துக் கம்பெனி, பளபளவென்று கம்ப்யூட்டர் படங்களோடு. இன்னொன்று நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர்.

"நீ கூரையைத்தான் முதல்ல எழுதியிருக்க. அந்தக் கம்பெனிக்காரங்க கூரையைப் பத்தி ஒண்ணும் சொல்லல்ல. கீழ ஜிப்சம் சீலிங் போட்டா கறை தெரியாதுன்னு சொன்னாங்க."

"கறை தெரியாது மைனி. கசிவு அங்கதான் இருக்கும். ரெண்டு மழை கழிஞ்சா சீலிங்கோட சேந்து கீழ வரும்."

"தரை?"

"பொளிக்கண்டாம், உடைக்கப்பிடாது. அந்த மொசைக்க பாலிஷ் செய்தா டைலு தோத்துப் போவும்."

அவள் விடாமல் கேட்டாள். பைப்பை எந்தப் பக்கம் கொண்டு போவாய், சமையலறைச் சுவரை எடுத்தால் மேலே தாங்குமா, எந்தச் சிமென்ட், யார் எலெக்ட்ரீஷியன். வங்கியில் கடன் கேட்டு வருகிறவர்களை இப்படித்தான் குடைவாள் போலும் என்று பிரதீஷ் நினைத்தான். ஆனால் பதில் சொல்லச் சொல்ல அவன் முதுகு நிமிர்ந்தது. இத்தனை வருடத்தில் யாரும் அவனிடம் இவ்வளவு கேட்டதில்லை. கேட்டதற்கெல்லாம் அவனிடம் பதில் இருந்தது.

கடைசியில் தன்யா அவன் காகிதத்தை மட்டும் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

"உனக்குத்தான் தாறேன். கொழுந்தன்னு உள்ளதுகொண்டு இல்ல. மூணுல இதுதான் நல்லாயிருக்கு. ஆனா ஒண்ணு, வேலை தீருற வரைக்கும் நான் உனக்கு மைனி இல்ல, வேலை குடுத்த ஆளு. மொகம் பாத்து நானும் ஒண்ணும் விடமாட்டேன், நீயும் விடண்டாம்."

"செரி" என்றான் பிரதீஷ்.

மீன மாதத்தில், பங்குனி வெயிலில் வேலை தொடங்கியது. சந்துக்குள் லாரி நுழையாது. மணலையும் மெட்டல் ஜல்லியையும் மெயின் ரோட்டில் இறக்கிச் சுமந்து கொண்டுவர வேண்டியிருந்தது. தளத்தின் மேல்பூச்சைக் கொத்தி எடுத்தார்கள், துருப்பிடித்த கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், கசிவு அடைத்து, மேலே புதுத்தளம் போட்டார்கள். வைகாசி பாதியில் வருகிற இடவப்பாதி மழை சடசடவென்று இறங்கிய அன்று, பிரதீஷ் பாறசாலையிலிருந்து நனைந்துகொண்டே ஸ்கூட்டரில் போய், கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தான். மேல்தளம் வெயில் காலம் போலக் காய்ந்து கிடந்தது. போனில் ஒரு படம் பிடித்து தன்யாவுக்கு அனுப்பினான். அவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினாள்.

பிரச்சினை குளியலறையில் வந்தது.

டைல் வேலை முழுக்க பொன்னுதாஸினுடையது. பிரதீஷின் பள்ளிக்கூடத் தோழன். சர்ச்சில் ஞாயிறுதோறும் பாடுகிற குரல், வேலையிலும் பாடிக்கொண்டேதான் இருப்பான். அவனைவிட நல்ல டைல்காரன் பாறசாலையில் இல்லை என்று பிரதீஷ் எல்லோரிடமும் சொல்வான். குளியலறை முடிந்த அன்று சாயங்காலம் தன்யா வங்கியிலிருந்து நேரே வந்தாள். செருப்பைக் கழற்றினாள், ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, தரையில் மொத்தமாக ஊற்றினாள்.

தண்ணீர் ஓடியது. முக்கால்வாசி ஓட்டைக்குள் போனது. மீதி, கதவோரத்து மூலையில் தேங்கி அப்படியே நின்றது.

"பிரதீஷ், இது என்ன?"

"ஒரு சொட்டு வெள்ளம் மைனி. வைப்பர் வச்சு ஒரு இழுப்பு இழுத்தாப் போவும்."

"தெனமும் இழுக்கணுமா?"

"எல்லா வீட்லயும் இவ்வளவு நிக்கும்."

"எல்லா வீட்லயும் நிக்கட்டு" என்றாள் தன்யா. குரலை உயர்த்தவில்லை. "நீ செய்த வீட்டுல நிக்கலாமா? பொளிச்சுத் திரும்பச் செய்யணும்."

பொன்னுதாஸ் பாட்டை நிறுத்திவிட்டு வெளியே போனான். பிரதீஷுக்குக் காதெல்லாம் சூடாகியது. வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தான்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி பொன்னுதாஸ் வழியாக அம்மாவுக்குப் போயிருந்தது. விஜயம்மா தன்யாவைப் போனில் கூப்பிட்டு முறையிட்டுவிட்டு, அந்தக் கையோடு மகனைக் கூப்பிட்டாள்.

"ஒரு கை வெள்ளத்துக்கு வேண்டி என் பிள்ளைய நாணம் கெடுத்தண்டாம்னு சொன்னேன் மக்கா. அவ என்ன சொன்னா தெரியுமா? நாணம் கெடுத்தணும்னா வேற ஆளை விட்டுப் பொளிச்சிருப்பேன் அம்மா, அவனே செய்யட்டும்னுதான் அவனிட்ட சொன்னேன்னு சொல்லுதா. இதெல்லாம் ஒரு பேச்சாக்கும்."

பிரதீஷ் போனை வைத்துவிட்டு முற்றத்தில் நின்றான். தன்யா சொன்னதைக் கேட்டு அவனுக்குக் கோபம் வரவில்லை. அவன் செய்த வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எந்த வீட்டுக்காரரும் தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை. வேலாயுதன் கொத்தனாரின் மகன், நம்ம பையன், செரியாத்தான் செய்திருப்பான் என்று விட்டுவிடுவார்கள். சின்னக் குறை கண்டால் முகம் பார்த்து விழுங்கியும் இருப்பார்கள். அதைத்தான் இத்தனை நாளும் அவன் நல்ல பெயர் என்று எண்ணியிருந்தான். உன்னால் இதைவிட நன்றாகச் செய்ய முடியும், செய் என்று இதுவரை ஒரு ஆளும் அவனிடம் சொன்னதில்லை. அந்த மூலையை அவனும் பார்த்திருந்தான். தன்யா வாளியைத் தூக்குவதற்கு முன்பே அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் பொன்னுதாஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு தம்ளர் வெள்ளத்துக்காடே இவ்வளவும் பொளிக்கது?"

"ஆமா."

"எனக்க கைவேலையக் குத்தம் சொன்ன ஆளு இதுவரைக்கும் இல்ல."

"எனக்கதையும் ஆரும் சொன்னதில்ல" என்றான் பிரதீஷ். "நாம ரெண்டு பேரும் அதக்கொண்டுதான் இப்படி நிக்கோம்."

அவனே உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மூலையில் முதல் டைலின் ஓரத்தில் உளியை வைத்து அடித்தான். டைல் விண்டு தெறித்தது. இரண்டாவது அடிக்கு வாசலில் நிழல் விழுந்தது. பொன்னுதாஸ் உள்ளே வந்தான். பிறகு குனிந்து சுத்தியலைக் கையிலிருந்து பிடுங்கினான்.

"நீ அடிக்க அடில சுவத்து டைலும் போவும். தா இஞ்ச. போய் ரசமட்டத்த எடுத்துட்டு வா."

டைலை மட்டும் எடுத்தால் போதவில்லை. அடியில் போட்ட காரையையும் எடுத்து, நீர்க்காப்புப் பூச்சைத் திரும்பப் பூசி, தண்ணீர் கட்டி நிறுத்திக் கசிகிறதா என்று பார்த்து, பிறகுதான் சரிவு பிடித்தார்கள். பொன்னுதாஸ் ரசமட்டத்தை வைத்து வைத்துச் சரிவு பார்த்தான், பாடவில்லை. கடைசி டைலை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டும்போது மெல்ல ஒரு பாட்டு அவன் தொண்டையில் வந்ததைப் பிரதீஷ் கேட்டான். புது டைலுக்கான பணத்தைத் தானே தருகிறேன் என்று தன்யா சொன்னதற்கு, "அது எனக்க தப்பு, நான் பாத்துக்கிடுவேன்" என்று பிரதீஷ் ஒரே பேச்சில் முடித்துவிட்டான்.

அவள் மீண்டும் வந்தாள். மீண்டும் வாளி. இந்த முறை பொன்னுதாஸ் வெளியே போகவில்லை. கைகட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். தண்ணீர் பரந்து விழுந்தது. தரையெங்கும் படர்ந்து, பிறகு யாரோ கூப்பிட்டதுபோல ஒரே பக்கமாகத் திரும்பி, ஓட்டைக்குள் இறங்கியது. தன்யா கதவோரத்து மூலையில் குந்தி உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தாள்.

"செரி" என்றாள். எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, "இனி அந்தக் கிச்சன் அலமாரிக்க கதவு மட்டும் பாக்கணும் மக்கா" என்றாள்.

வேலை தொடங்கிய நாளிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டு வந்தாள். மக்கா என்று கூப்பிட்டது அன்றுதான். பொன்னுதாஸ் பிரதீஷின் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தான்.

ஓணத்துக்கு முந்தின வாரம் பால் காய்ச்சு. உதியன்குளங்கரையிலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஸ்ரீஜித் லீவு போட்டு வந்திருந்தான். தன் வீட்டையே அன்றுதான் முதலில் பார்க்கிறவன், அறை அறையாக நடந்து, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் போட்டு அணைத்தான். விஜயம்மா வீட்டுக்குள் காலை வைத்ததும் கூடத்தின் நடுவில் நின்றுவிட்டாள். மெருகேறிய மொசைக் தரையில் ஜன்னலும் ஜன்னல் வழியே வந்த வெளிச்சமும் தலைகீழாக விழுந்து கிடந்தன. அவள் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து நின்றாள், தரைக்கு வலிக்கும் என்பது போல.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பெண்கள் போட்ட குரவைச் சத்தம் அடங்கியதும் வங்கியிலிருந்து வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினார்கள். மேனேஜர் தரையைப் பார்த்துவிட்டு மலையாளத்தில் தன்யாவிடம் கேட்டார், இது யார் செய்தது, கம்பெனிக்காரர்களா என்று.

பாயசத் தட்டோடு அந்தப் பக்கம் வந்த பிரதீஷைத் தன்யா கையால் காட்டினாள். பெரிய மனிதர்களைச் சொல்லும்போது மலையாளத்தில் 'இத்தேஹம்' என்பார்கள். தன்யா அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"இத்தேஹத்தின் வேலை சார். பாறசாலையில் கான்ட்ராக்டர். மூன்று பேரைப் பார்த்துத்தான் இத்தேஹத்தைத் தேர்ந்தெடுத்தேன். கூரையைப் பற்றிச் சரியாகச் சொன்னது இத்தேஹம் ஒருவர்தான்."

"எனக்க இளைய மோனாக்கும்" என்று விஜயம்மா இடையில் புகுந்தாள். விட்டிருந்தால் அவன் பிறந்த கதையிலிருந்து தொடங்கியிருப்பாள்.

"அது வேற அம்மா" என்றாள் தன்யா சிரித்துக்கொண்டே. மேனேஜர் பிரதீஷின் நம்பரை வாங்கிக்கொண்டார். பாப்பனங்கோட்டில் அவருடைய தம்பிக்கு ஒரு பழைய வீடு இருக்கிறதாம். அடுத்த வாரம் பார்க்க வர முடியுமா என்று கேட்டார். அடுத்த வாரம் கோட்டுகாலில் ஒரு தளம் வார்ப்பு உண்டு, அதற்கடுத்த வாரம் வருகிறேன் என்றான் பிரதீஷ். சொல்லும்போது குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

பொன்னுதாஸ் தன் மனைவி ஞானபாயைக் கூட்டிக்கொண்டு நேரே குளியலறைக்குப் போய்விட்டான். விளக்கைப் போட்டு, அவளை மூலையில் நிறுத்தி, "காலு வச்சு நடந்து பாரு" என்றான்.

"பாத்ரூம் காட்டவா என்னப் பட்டு உடுத்திக் கூட்டிட்டு வந்திய?" என்று அவள் கேட்டது கூடம் வரைக்கும் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தத் தரையில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

பிரதீஷும் சுமியும் ஸ்கூட்டரில் திரும்பும்போது நெய்யாற்றின்கரையில் வண்டிகள் நெருக்கி நின்றன. முன்னால் ஒரு பஸ் நகராமல் புகையை விட்டுக்கொண்டிருந்தது. சுமி அவன் தோளில் கை வைத்துக் குனிந்தாள்.

"மைனி உங்கள இத்தேஹம்னு சொன்னாவ. கேட்டியளா?"

"கேட்டேன்."

"ரெண்டு தடவை சொன்னாவ."

பஸ் நகர்ந்தது. பிரதீஷ் வண்டியைக் கிளப்பினான்.

"மூணு" என்றான்.